கடல் கடந்து வந்த குடித்தனம்

பிறந்த ஊரை விட்டுப் பிறிதோர் ஊரிற் குடியேறுவதென்பது, பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறுவதோடு முடிந்துவிடும் கருமமன்று. கப்பலிலிருந்து இறங்கிய பின்னரே அது தொடங்குகின்றது. இன்று எம்மவருள் கடலுக்கு அப்பால் ஒரு பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிதாகிவிட்டது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் அவர்கள் குளிரோடும் மொழியோடும் படும் பாட்டை நாள்தோறும் பேசிக்கொள்கின்றோம். ஆயின், எதிர்த்திசையிலும் ஒரு குடியேற்றம் நிகழ்ந்ததுண்டு. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், குளிர்நாட்டிற் பிறந்து வளர்ந்த சில குடும்பங்கள் யாழ்ப்பாணத்துப் பனங்கூடல்களினிடையே வந்து குடியமர்ந்தன. அவர்கள் அமெரிக்க மிஷனரிமார். அவர்களுடைய சமயப் பணியைப் பற்றிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். புகழ்ந்தோரும் உளர், கண்டித்தோரும் உளர். இவ்வாரம் நாம் நோக்க விரும்புவது அதனையன்று. அவர்கள் இங்கு எவ்வாறு வாழப் பழகினர், அதற்கு என்ன விலை கொடுத்தனர் என்பதையே நோக்க விரும்புகின்றோம். குடும்பத்தைப் பேணும் தாய்மாரும் தந்தைமாரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அவ்வரலாற்றிற் பல உள.

இக்குடியேற்றத்துக்கு வழி திறந்ததே ஒரு துயரச் செய்திதான். 1812ஆம் ஆண்டு சாமுவேல் நியூவெல் என்னும் இளம் பாதிரியாரும் அவர் மனைவி ஹரியெற்றும் அமெரிக்காவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தனர். கிழக்கிந்தியக் கம்பனியார் அவர்களை அங்கே தங்க விடவில்லை. புகலிடம் தேடி மொறீசியசுத் தீவை நோக்கிச் செல்கையில் அவர்களுக்குப் பிறந்த குழந்தை கப்பலிலேயே இறந்தது. அவ்வாண்டு நவம்பர் மாத முடிவில் ஹரியெற்றும் அத்தீவில் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 19 மட்டுமே. மனைவியையும் மகவையும் இழந்த நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். கம்பனியாரின் ஆட்சிக்குட்படாது பிரித்தானிய முடியின் கீழிருந்த இத்தீவிலே மிஷனரிமாருக்குத் தடையில்லை என்பதைக் கண்டார். யாழ்ப்பாணம் இப்பணிக்கு ஏற்ற இடமென்று தம் நாட்டாருக்கு எழுதினார்.

அக்கடிதத்தின் பயனாக, 1815ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆந் திகதி ‘டிரையாட்’ என்னும் பாய்க்கப்பல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் நியூபரிபோட் துறையிலிருந்து புறப்பட்டது. அதிலே தானியேல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் றிச்சார்ட்ஸ், ஹொறேஷியோ பார்ட்வெல் ஆகியோர் தம் மனைவியரோடும், எட்வேட் வாறன் தனியராகவும் வந்தனர். 1816 மார்ச்சு 22ஆந் திகதி கொழும்பை அடைந்தனர். கணக்கிட்டுப் பார்த்தால் 151 நாட்கள் கடற்பயணம். பார்ட்வெல் தம்பதியர் பின்னர் பம்பாய்க்குச் செல்ல, ஏனையோர் தேசாதிபதி பிறவுண்றிக்கின் அனுமதியோடு யாழ்ப்பாணம் சேர்ந்தனர்.

வீடு என்று அவர்களுக்குக் கிடைத்தவை எவை? தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களிற் பயன்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டுப் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களும் அவற்றை அடுத்த மனைகளுமே. சுவர் நின்றது, கூரை இல்லை. பூவரும் வாறனும் 1816 அக்டோபரில் தெல்லிப்பழையிற் குடிபுகுந்தனர். மெய்க்சும் றிச்சார்ட்சும் 1817இல் வட்டுக்கோட்டைக்குச் சென்றனர். கல்லும் மரமும் கண்ணாடியுமாக வீடு கட்டிப் பழகிய நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பனையோலை வேய்தலும், மண்ணும் சாணமுமிட்டு நிலம் மெழுகுதலும் புதுமையாகவே இருந்திருக்கும். ஆயினும் இந்த நாட்டு வெயிலுக்கு ஓலைக் கூரையைப்போல் இதமானது வேறில்லை என்பதை எம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வறிவை அயலாரிடமிருந்து பெற்றுக்கொள்ளாதவர் எவரும் இங்கே ஒரு சித்திரை மாதத்தையேனும் அமைதியாகக் கழித்திருக்க முடியாது.

வீட்டுக்குக் கூரை கிடைத்தது. உடலுக்குக் காவல் கிடைக்கவில்லை. காய்ச்சலும் பேதியும் காசமும் அவர்களைத் தொடர்ந்தன. வாறனும் றிச்சார்ட்சும் நோயுற்று, உடல் தேறும் பொருட்டு 1818இல் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினர். வாறன் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே அங்கு இறந்தார். றிச்சார்ட்ஸ் திரும்பி வந்து, நோயோடு போராடி, 1822இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே பூவரின் மனைவி சூசன் இறந்துவிட்டார். வந்து ஏழாண்டுகள் முடியுமுன்னரே முதற் கூட்டத்தார் மூவரை மண்ணுக்குக் கொடுத்துவிட்டனர்.

நன்னம்பிக்கை முனையைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விடுதல் இயலாது. பண்டத்தரிப்பிற் பல்லாண்டு மருத்துவம் செய்து பின்னர் சென்னைக்குச் சென்ற வைத்தியர் யோன் ஸ்கடர், 1855இல் அம்முனையிலேதான் உயிர் துறந்தார். உடுவிலில் வாழ்ந்து பின்னர் சென்னையிலே பெரும் தமிழ் - ஆங்கில அகராதியைத் தொகுத்தளித்த மைரன் வின்சுலோ, தாய்நாடு திரும்பும் வழியில் 1864இல் இறந்ததும் அம்முனையிலேதான். வாறன், ஸ்கடர், வின்சுலோ ஆகிய மூவரும் பிறந்த நாட்டிலும் கண்மூடவில்லை, புகுந்த நாட்டிலும் கண்மூடவில்லை. இரண்டுக்கும் நடுவழியில் நின்றுவிட்டனர். அயல்நாட்டு வாழ்க்கையின் இயல்பை இதனினும் தெளிவாகக் காட்டும் படம் வேறுண்டோ?

1819ஆம் ஆண்டிலே இரண்டாவது கூட்டம் பொஸ்தனிலிருந்து புறப்பட்டது. ஸ்போல்டிங், வின்சுலோ, வூட்வேட், ஸ்கடர் என்னும் நால்வரும் அவர்தம் மனைவியரும் அதிலே வந்தனர். ஸ்கடர் நியூயோர்க்கிலே நல்ல வருவாயோடு வைத்தியம் செய்துவந்தவர். அதனை விடுத்து, மனைவியோடும் சிறு மகளோடும் புறப்பட்டார். கல்கத்தா வந்து சேர்ந்ததும் அம்மகள் இறந்தாள். பெற்றோர் துக்கத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் பயணத்தைத் தொடர்ந்தனர்.

இவர்கள் வந்து ஐந்து ஊர்களிற் பரந்து குடியேறிய காலத்திலே, வேறொரு தடை எழுந்தது. 1820இல் அமெரிக்காவிலிருந்து அச்சுத்தொழில் வல்லுநராகிய ஜேம்ஸ் கறெற் என்பார் வந்தபோது, அப்பொழுது ஆட்சிப் பொறுப்பிலிருந்த சேர் எட்வேட் பார்ன்ஸ் அவரைத் தங்க விடாது வெளியேறக் கட்டளையிட்டார். அமெரிக்க மிஷனுக்கு இனிப் புதியவர் எவரும் வருதல் கூடாதென்றார். அக்கட்டளை 1833 வரை நீடித்தது. பதின்மூன்று ஆண்டுகள்! இருப்பவர் இறந்தால் அவ்விடத்துக்கு வேறொருவர் வாரார். நோயுற்றால் பொறுப்பேற்க ஆளில்லை. ஊரிலிருந்து கடிதமொன்று வருவதற்கே ஐந்து மாதமளவிற் செல்லும். மறுமொழி போய்ச் சேர மேலும் ஐந்து மாதம். தாய்க்கு நோயென்று எழுதிய கடிதம் வந்து சேரும்போது அத்தாய் குணமடைந்தும் இருக்கலாம், அடக்கம் செய்யப்பட்டும் இருக்கலாம். கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் இக்காலத்து மக்கள் அந்நிலையை மனத்தாலும் எண்ணிப் பார்த்தல் கடினம்.

இத்தனிமைதான் அவர்களை அயலாரோடு நெருங்கச் செய்தது என்று நாம் கருதுகின்றோம். துணைக்குத் தம்மவர் வாராதபொழுது, துணை அயல் வீட்டிலேயே தேடப்பட வேண்டும். அயல் வீட்டாரோடு பேசுவதற்கு அவர் மொழி வேண்டும்.

தமிழைக் கற்பது எளிதன்று. ‘ல’, ‘ள’, ‘ழ’ என்னும் மூன்றையும் ‘ந’, ‘ன’, ‘ண’ என்னும் மூன்றையும் வேறுபடுத்திச் சொல்ல அமெரிக்க நாக்கு பல மாதம் பழக வேண்டும். எழுத்தைக் கற்றபின், ஏட்டு வழக்கு ஒன்று, வீட்டு வழக்கு ஒன்று என்று மொழியே இரண்டாகப் பிரிந்து நிற்கும். அதனையுங் கடந்தால் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்னும் மூன்று படிகள் உள. தம் மொழியில் எல்லாரையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிய ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவரை ‘நீ’ என்று விளித்துவிட்டால், அதன் பின்னர் அவர் எத்துணை நல்ல பொருளைச் சொன்னாலும் கேட்பவர் செவியில் ஏறுமோ? இலக்கணப் பிழையை யாழ்ப்பாணத்தார் சிரித்து மன்னிப்பர். மரியாதைப் பிழையை எளிதில் மன்னியார். ஆகவே, கற்பிக்க வந்தவர்கள் முதலில் மாணாக்கராயினர். ஓலையும் எழுத்தாணியும் ஏந்திய தமிழாசிரியர் முன்னிலையில், கல்லூரிப் பட்டம் பெற்ற அமெரிக்கர் அரிச்சுவடி தொடங்கினர்.

அந்த மாணாக்க நிலையின் விளைவு சிறிதன்று. ஸ்போல்டிங் தமிழிலே உரைநடையும் பாடலும் எழுதும் அளவுக்குத் தேர்ந்தார். 1820 முதல் 1873இல் இறக்கும்வரை அவர் வாழ்வு யாழ்ப்பாணத்தோடு பிணைந்திருந்தது. அவர் மனைவி மேரி அடுத்த ஆண்டிற் காலமானார். வின்சுலோவின் அகராதி 1862இற் சென்னையில் அச்சேறியபோது ஏறத்தாழ 67,000 சொற்களைக் கொண்டிருந்தது. அதற்கான சொற்றொகுப்பைத் தொடங்கியவர் நல்லூரிலிருந்த ஆங்கில மிஷனரி யோசேப்பு நைற். துணைநின்றோர் தமிழ்ப் புலவர்கள். தமிழறிந்தோர் இன்றும் அதனைப் புரட்டிப் பார்க்கின்றனர்.

ஆண்கள் மொழியாற் பழகினர் என்றால், பெண்கள் அடுக்களையாற் பழகினர் எனலாம். அடுக்களையிலேதான் அவர்கள் இந்நாட்டு ஆசாரத்தின் உறுதியைக் கண்டுகொண்டனர். விடுதிப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்ப உடன்பட்ட பெற்றோரும், பாதிரியார் வளவிற் சமைத்த சோற்றைத் தம் பிள்ளை உண்பதற்கு உடன்படவில்லை. ஆதலின், தொடக்கத்திலே அயலிலுள்ள சைவர் வளவிலே தனிச் சமையற்கூடம் அமைத்து, அங்கே பிள்ளைகளுக்கு உணவளிக்க வேண்டியதாயிற்று. பெண்பிள்ளைகளின் நிலையோ இன்னுங் கடினம். எழுத்தறிந்த பெண் குடும்பத்துக்கு ஆகாள் என்பது அக்காலத்துப் பலருடைய எண்ணம். இத்தகைய ஊரிலே ஹரியெற் வின்சுலோ அம்மையார் 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பெற்றோரின் தயக்கத்தைப் போக்க, படித்து முடிக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனம் கொடுக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. சீதனம் என்னும் வழக்கம் நல்லதோ தீயதோ என்று வாதிட்டுக்கொண்டு நில்லாது, பெண்ணைப் பெற்றவரின் கவலை எதுவென்று அறிந்து, அக்கவலையின் வழியாகவே கல்விக்கு வாயில் திறந்தனர். ஊரை அறிந்தவர்தாம் இவ்வாறு செய்ய இயலும். 2024ஆம் ஆண்டிலே உடுவில் மகளிர் கல்லூரி தன் இருநூறாவது ஆண்டை நிறைவு செய்தது.

பிறர் பிள்ளைகளுக்கு இவ்வாறு வழி செய்த அத்தாயின் சொந்தப் பிள்ளைகளின் கதை யாது? மிஷனரிமாரின் இல்லங்களிலே எழுந்த மிகக் கொடிய வினா இதுவேயாகும். இங்கே பிறந்த பிள்ளைகள் இந்நாட்டு நோய்களுக்கு எளிதில் இரையாயினர். பெரியவராகும் பருவத்திலே அவர்களுக்கு உயர்கல்வி வேண்டும். ஆகவே பத்து வயதையொட்டிப் பிள்ளையைத் தனியே அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது வழக்கமாயிற்று. அனுப்பிய தாய் அப்பிள்ளையை மீண்டும் காண்பாள் என்னும் உறுதி இல்லை. வின்சுலோ தம்பதியரின் மகன் சாள்ஸ் 1821 சனவரியில் உடுவிலிற் பிறந்தவன். கல்வியின் பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவன், 1832 மே மாதத்தில் நியூயோர்க்கிலே இறந்தான். அவனுக்கு வயது 11. எட்டு மாதங்களுக்குள், 1833 சனவரியில், தாய் ஹரியெற்றும் தம் 36ஆவது வயதில் உடுவிலிலே உயிர் நீத்தார். மகன் தாயின் நாட்டிலும், தாய் மகன் பிறந்த நாட்டிலும் உறங்குகின்றனர்.

அத்துயரத்தின் பின்னரும் அக்குடும்பம் இலங்கையை மறக்கவில்லை. ஹரியெற்றின் உடன்பிறந்த சகோதரியர் மூவர் மிஷனரிமாரின் மனைவியராக இங்கே வந்தனர். அவருள் இருவர் 1837ஆம் ஆண்டிலே இறந்தனர். ஹரியெற்றின் பெயரைத் தாங்கிய அவர் மகள், உடுவிலிற் பிறந்தவர், டலஸ் என்னும் பாதிரியாரை மணந்தார். 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராசாங்கச் செயலாளராக விளங்கிய யோன் பொஸ்ரர் டலஸ் அவருடைய பேரர். உடுவில் மண்ணில் உறங்கும் அம்மையாரின் கொள்ளுப்பேரன் உலக அரசியலின் உச்சியில் நின்றார் என்பது எம் ஊரவர் பலர் அறியாத செய்தி.

குடும்பமின்றி வந்து குடும்பம் பெற்ற ஒருவரையும் குறிப்பிடல் வேண்டும். எலைசா அக்னியூ என்னும் அம்மையார் 1807இல் நியூயோர்க்கிற் பிறந்தவர், மணம் செய்யாதவர். 1840இல் யாழ்ப்பாணம் வந்து, உடுவிற் பாடசாலையின் பொறுப்பை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தாங்கினார். வந்த நாள் முதல் 1883இல் மானிப்பாயில் இறக்கும்வரை ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பிச் சென்றாரல்லர். தாயிடம் படித்தவர், பின்னர் அவர் மகள், அதன் பின் பேர்த்தி என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அவரிடம் கற்றனர். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரை அழைத்தனர். யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு அவர் புறநாட்டார் என்னும் எண்ணம் எப்பொழுது மறைந்ததோ, எவர் அறிவார்? ஒரு நாளில் மறைந்திராது. ஒவ்வொரு திருமண வீட்டிலும், ஒவ்வொரு செத்த வீட்டிலும் சிறிது சிறிதாகவே மறைந்திருக்கும்.

இவ்வரலாற்றிலே எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அவர்கள். 1822இல் மசச்சூசெற்சிலே பிறந்தவர். அவர் தமையனார் அன்ட்ரூ, நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்குவதில் முன்னின்ற பெரியார். தம்பியோ 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கிராமத்து நோயாளி பழையபடியே கைவிடப்பட்டான். இதனைக் கண்ட கிறீன், கற்பிக்கும் மொழியை மாற்றத் துணிந்தார். 1857இல் ஊருக்குச் சென்று 1862இல் மனைவியோடு திரும்பி வந்தபின், தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார்.

பாடநூல்கள் தமிழில் இல்லையே என்று அவர் கைகட்டி இருக்கவில்லை. தாமும் தம் மாணாக்கருமாக அவற்றை ஆக்கினர். ‘பிரசவ வைத்தியம்’ 1857இலும், ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ ஆகியவை 1872இலும், ‘கெமிஸ்தம்’ 1875இலும் வெளிவந்தன. உடலுறுப்புக்கும் நோய்க்கும் மருந்துக்கும் தமிழிலோ வடமொழியிலோ சொல் உளதா என்று முதலில் தேடினர். கிடையாதவிடத்தே ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்பத் திருத்தி எடுத்துக்கொண்டனர். நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட மருத்துவத் தமிழ் இவ்வாறு உருவாயிற்று. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். மாணாக்கர் தம் உடையையும் உணவையும் விட்டு மேனாட்டாரைப்போல் மாறுவதை அவர் விரும்பியவரல்லர். 1873இல் உடல்நலங் குன்றித் தாய்நாடு திரும்பிய பின்னரும் தமிழ்ப் பணியை விட்டாரல்லர். ‘மனுஷ சுகரணம்’ 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையிற் பொறிக்கச் செய்தார். தம் பிறந்த ஊரிலே நிற்கும் கல்லில், அவ்வூரார் அறியாத ஒரு மக்களின் பெயரைத் தம் அடையாளமாகக் கொண்டவர் அவர்.

இனி மறுபக்கத்தையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். இவர்கள் வந்தது விருந்துண்ணவன்று. இந்நாட்டார் தம் சமயத்தை விட்டுத் தம்முடைய சமயத்தைத் தழுவ வேண்டும் என்பதற்கே வந்தனர். அந்நோக்கத்தோடு எழுதிய துண்டுப் பிரசுரங்களிலும் செய்த பிரசங்கங்களிலும் சைவ மக்களின் வழிபாட்டை இழித்துரைத்ததுண்டு. விடுதியிற் சேர்ந்த பிள்ளைகளுக்கு, பணம் உதவிய அமெரிக்கரின் பெயர்களைச் சூட்டும் வழக்கமும் இருந்தது. தாயும் தந்தையும் இட்ட பெயருக்கு முன்னே எங்கோ வாழும் ஒருவரின் பெயர் ஏறி நின்றது. கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்னும் பெயர்களை இன்றும் படிக்கும்போது, அவற்றிலே கல்வியின் பேறும் ஒரு சிறு காயத்தின் வடுவும் ஒருங்கே தோன்றுகின்றன.

கிறீன் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலரும் பிறந்தார். அவர் மெதடிஸ்த மிஷனரியாகிய பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்குவதில் உதவியவர். பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அச்சுக்கூடம், வகுப்பு முறை, பிரசங்கம் என்னும் கருவிகளை மிஷனரிமாரிடமிருந்து அறிந்து, அவற்றையே சைவத்தைக் காக்கப் பயன்படுத்தினார். யாழ்ப்பாணத்தார் பாடசாலையை விரும்பி ஏற்றனர். மருந்தை நன்றியோடு ஏற்றனர். சமயத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. விருந்தினர் கொண்டுவந்தவற்றுள் எது தமக்கு வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்தெடுக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டன்றோ? அவ்வுரிமையை அவர்கள் நன்கு பயன்படுத்தினர்.

ஆயின் ஒன்றை மறுத்தல் இயலாது. அம்மிஷனரிமாருள் யாழ்ப்பாணம் இன்றும் அன்போடு நினைவுகூருவோர் யார்? தாம் கொண்டுவந்ததை மட்டும் கொடுத்துச் சென்றவர்களல்லர், இங்குள்ளதைக் கற்றுக்கொண்டவர்களே. பூவர் வட்டுக்கோட்டையிலே 1823இல் தொடங்கிய உயர்கல்விக்கூடம் 1855இல் மூடப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியிலேயே அவரும் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். ஆயினும் அக்கல்விக்கூடம் மூடப்பட்டதைப் பொறாத ஊரவர் முயன்று, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்திலேயே எழுந்தது. ஊரவர் ஒன்றைத் தமதென்று கருதிக் கேட்டுப் பெறும்போதுதான், அதனை நட்டவர் உண்மையில் அவ்வூரிற் குடியேறினார் எனலாம்.

அயல்நாட்டிலே பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே, அங்கே குடித்தனம் நடத்தும் இளந் தம்பதியரே, இவ்வரலாறு உங்களுக்கும் உரியது. உங்கள் நோக்கம் வேறு, சூழ்நிலை வேறு என்பதை நாம் அறிவோம். மிஷனரிமார் தாமே விரும்பி வந்தனர். எம்மவருட் பலர் 1983இன் பின்னர் உயிருக்கு அஞ்சி ஓடியவர். எனினும் குடியேறுதலின் விதிகள் இருவருக்கும் ஒன்றே. வீட்டை அந்த நாட்டுக் காற்றுக்கும் குளிருக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். மொழியைக் கடையிற் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும் கல்லாது, அயல் வீட்டு முதியவரின் துக்கத்தை விசாரிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். எம் சோற்றை எவ்வாறு மதிக்கின்றோமோ அவ்வாறே பிறருடைய ஆசாரத்தையும் மதியுங்கள். பிள்ளைகளின் பெயரை அந்நியர் நாக்குக்கு எளிதாக வேண்டுமென்று சிதைத்துவிடாதீர்கள். அவர்கள் அதனைச் சொல்லப் பழகுவார்கள். ‘ழ’கரத்தைச் சொல்ல ஸ்போல்டிங் பழகவில்லையா?

பெற்றோருக்கும் ஒரு சொல். தொலைவிலுள்ள மகன் அந்த நாட்டு வழக்கம் ஒன்றைக் கைக்கொண்டான் என்று கேட்டவுடன், எம்மை மறந்துவிட்டான் என்று கலங்காதீர்கள். கிறீன் தமிழிற் சிந்திக்கப் பழகியதால் அமெரிக்கர் அல்லாதவர் ஆகிவிடவில்லை. இரு நாட்டுக்கும் உரியவரானார். இரண்டு ஊர்களைச் சொந்தமாகக் கொள்வதற்கு நெஞ்சில் இடமுண்டு. அவ்விடத்தைப் பெறுவதற்குக் கொடுக்க வேண்டிய விலை பிரிவு. அதனை வின்சுலோ அம்மையார் கொடுத்த அளவுக்கு இன்றைய தாய்மார் கொடுக்க வேண்டியதில்லை என்பது எம் காலத்தின் பேறு. ஐந்து மாதம் கடிதத்துக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஆதலால், இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோ பெற்றோரோ அழைக்கும்போது, வேலை இருக்கின்றதென்று விரைந்து முடித்துவிடாமல், சற்று நேரம் கூடுதலாகவே பேசுங்கள்.